பழைய சவரக் கத்திகளின் பிடி: செப்பனிடுவதும் புதிதாகச் செய்வதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கே சொல்லப்படுபவை 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் வந்த மடக்குச் சவரக் கத்திகளைப் பற்றியவை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் ஸோலிங்கனும் இவற்றுக்குப் பேர்போன ஊர்கள். அலகைத் தீட்டுவது தனிக் கலை, அதை இங்கே தொடவில்லை. எந்த வேலை தொடங்கினாலும் முதலில் கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, இன்சுலேஷன் டேப்பால் இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள். வெட்டுக்காயங்களில் பாதி, "சும்மா ஒரு நிமிட வேலைதானே" என்று டேப் ஒட்டாமல் விடுவதால் வருபவை.

பிடியில் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன?

இரண்டு பக்கத் தகடுகள். அலகின் காம்பை (பிடியோடு சேரும் வால் பகுதியை) தாங்கும் சுழல் ஆணி ஒரு முனையில். மறுமுனையில் தகடுகளுக்கு நடுவே ஓர் ஆப்பு, அதைப் பிடித்துக்கொள்ளும் ஆணி இன்னொன்று. ஆணித் தலைகளுக்கு அடியில் சிறு வாஷர்கள். சில கத்திகளில் நடுவிலும் ஓர் ஆணி உண்டு. அவ்வளவுதான். திருகு கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. ஆனாலும் நல்ல கத்தி ஸ்பிரிங் வைத்ததுபோல நடந்துகொள்ளும். அந்த வேலையைச் செய்வது ஆப்பு.

ஆப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? இரு தகடுகளுக்கும் இடையே ஏதாவது ஒரு துண்டு வைத்தால் போதாதா?

போதாது. புதிதாகப் பிடி செய்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். இரு பக்கமும் ஒரே தடிமனில் உள்ள துண்டை வைத்தால் தகடுகள் நேராக நிற்கும், அவற்றில் இழுவிசை இருக்காது. அலகு தொளதொளவென்று ஆடும். அதை நிறுத்த ஆணியை இறுக்கி அடிக்க வேண்டிவரும். பத்து நாளில் ஆணி மறுபடி தளரும், இல்லையென்றால் தகடு பிளக்கும்.

ஆப்பின் உள்முனை, அதாவது அலகை நோக்கிய பக்கம், தடித்திருக்க வேண்டும். வெளிமுனை மெலிந்திருக்க வேண்டும். அப்போது தகடுகள் சுழல் ஆணியை நோக்கிப் போகப் போக விலகப் பார்க்கும். சுழல் ஆணி அவற்றை இழுத்துச் சேர்த்துப் பிடிக்கும். நடுப்பகுதி லேசாக வெளியே புடைத்து அலகுக்கு இடம் விடும். புடைத்த தகடுகளின் விசைதான் காம்பைப் பிடித்து நிறுத்துகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆப்பு 12 மி.மீ. நீளம், உள்முனை 2.5 மி.மீ., வெளிமுனை 2 மி.மீ. என்று வையுங்கள். சரிவு அரை மி.மீ.தான். ஆனால் சுழல் ஆணி 120 மி.மீ. தள்ளி இருப்பதால் அது பத்து மடங்காகி 5 மி.மீ. ஆகிறது. ஆப்பை மட்டும் பூட்டிவிட்டு மறுமுனையைத் தளர்வாக விட்டால், அங்கே தகடுகளின் இடைவெளி 7.5 மி.மீ. இருக்கும். காம்பு 4.5 மி.மீ. தடிமன் என்றால் 3 மி.மீ. மிச்சம். கொம்புத் தகட்டுக்கு இந்த மிச்சம் சரி. விறைப்பான மரத்துக்கு இன்னும் குறைக்க வேண்டும். உப்புத்தாளில் ஆப்பை நாலு இழுப்பு கூடுதலாக இழுத்தால் முழுப் பிடியின் குணமும் மாறிவிடுவது இதனால்தான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்தப் பிடிக்கு அடித்தளம் கிடையாது, மேலும் கீழும் திறந்தே இருக்கும். மடக்கும்போது அலகின் முதுகு தகடுகளில் முட்டுவதால்தான் கத்தி நிற்கிறது. ஆப்பு அளவுக்கு மீறித் தடித்தால் அலகு நிற்காமல் இறங்கி, வாய் அடிப்பக்கமாக எட்டிப் பார்க்கும். எடுப்பவர் விரல் அங்கேதான் இருக்கும்.

என் கத்தியின் பிடி எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கருப்புப் பிடி என்றால் முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஓரங்களில் தேன் நிறமோ பழுப்போ ஊடுருவித் தெரிந்து, உள்ளே நார்போல் கோடுகள் ஓடினால் கொம்பு. ஒளியே புகாமல், வெளிப்பக்கம் மட்டும் பழுப்பும் பச்சையும் கலந்து மங்கியிருந்தால் எபனைட் எனும் கடின ரப்பர். ஈர விரலால் பரபரவென்று தேய்த்தால் கந்தக வாடை வரும்.

வெள்ளைப் பிடியில் குழப்பம் கூடுதல். ஒரே சீரான இடைவெளியில், அச்சடித்ததுபோல நேர்க்கோடுகள் ஓடினால் அது தந்தத்தைப் போலச் செய்த செல்லுலாய்டு. இயற்கை அவ்வளவு ஒழுங்காகக் கோடு போடாது. கரும்புள்ளிகளும் குட்டைக் கீற்றுகளும் சிதறியிருந்தால் எலும்பு. எலும்புக்குள் இரத்த நாளம் ஓடிய துளைகள் அவை. தகட்டின் முனை வெட்டில், ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் வளைகோடுகள் தெரிந்தால் யானைத் தந்தம்.

செல்லுலாய்டுக்கு நம் ஊர்க்காரர்களிடம் எளிதான சோதனை இருக்கிறது. கட்டை விரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பூஜை அறை நினைவுக்கு வந்தால் செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்ததுதான் அது. பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். வேண்டாம், செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும்.

செல்லுலாய்டு பிடி வெடித்து, பிசுபிசுவென்று இருக்கிறது. காப்பாற்ற முடியுமா?

முடியாது. அது அழுகல். பொருள் தானே சிதைந்து நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்களை விடுகிறது. ஈரத்தோடு சேர்ந்தால் அது நைட்ரிக் அமிலம். பிடிக்குள் மடங்கிய பகுதியில் மட்டும் அலகில் துரு, பித்தளை ஆணியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, புளித்த காட்டமான வாடை, தகட்டுக்குள் சின்னச் சின்னக் கட்டங்களாக விரிசல். இவற்றில் இரண்டு தெரிந்தாலே அலகைக் கழற்றிவிடுங்கள். பக்கத்துப் பெட்டியில் இருக்கும் நல்ல கத்தியையும் அந்த வாயு கெடுக்கும்.

ஆமை ஓட்டைப் போலச் செய்த, ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுதான் முதலில் கெடும். தந்த நிறத்தில் ஒளி புகாமல் இருப்பவை கூடுதல் காலம் தாங்கும். நிறத்துக்காகச் சேர்த்த துத்தநாக ஆக்ஸைடு அமிலத்தை உறிஞ்சிக்கொள்வதே காரணம். நல்ல நிலையில் உள்ளவற்றைக் காற்றோட்டமான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். மூடிய பிளாஸ்டிக் பை கூடாது, வெயிலில் நிறுத்திய கார் கூடவே கூடாது.

பிடி அசலா, பிறகு மாற்றியதா?

காலத்தைப் பொருத்திப் பாருங்கள். அமெரிக்காவில் ஹையாட் சகோதரர்கள் செல்லுலாய்டுக்குக் காப்புரிமை பெற்றது 1870. எனவே 1830களின் ஷெஃபீல்டு அலகில் செல்லுலாய்டு பிடி இருந்தால் அது பின்னால் மாட்டியது. கடின ரப்பருக்கான அமெரிக்கக் காப்புரிமை 1851. அலகின் காம்பில் நாட்டின் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்கத் தொடங்கிய ஆண்டு அது.

இரண்டு ஆணிகளின் உலோகமும் வாஷரும் வேறு வேறாக இருந்தால் யாரோ ஒருமுறையாவது கழற்றியிருக்கிறார்கள். அது குற்றமில்லை. சவரக் கத்திக்குப் பிடி மாற்றுவது அந்தக் காலத்திலும் நடந்த வேலைதான்.

தந்தம், ஆமை ஓட்டுப் பிடிகளை வாங்கலாமா?

இந்தியாவில் வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 1986 திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தையும், 1991 திருத்தம் இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் மூடின. ஆமை ஓடு என்று விற்கப்படுவது அழுங்காமையின் ஓடு. அதன் நாடுகடந்த வணிகத்தை சைட்டீஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு) ஒப்பந்தம் தடுக்கிறது. இங்கிலாந்திலும் தந்தச் சட்டம் 2022 முதல் நடப்பில் இருக்கிறது. அங்கிருந்து தபாலில் வரவழைப்பதும் சிக்கல்தான்.

கழற்றாமலே சரிசெய்யக்கூடியது எது?

சுழல் ஆணியின் தளர்வு. ஒரு பக்க ஆணித் தலையை அடைகல்லின் மேல் அமர்த்தி, மறுபக்கத் தலையை 50 முதல் 100 கிராம் உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். பத்துத் தட்டு, பிறகு திருப்பிப் போட்டுப் பத்துத் தட்டு, பிறகு அசைத்துப் பாருங்கள். ஓங்கி ஓர் அடி அடித்தால் ஆணித் துளையிலிருந்து நீளவாக்கில் விரிசல் ஓடும்.

அழுக்கு, மேலோட்டமான கீறல், மங்கல் எல்லாமே கழற்றாமல் போக்கக்கூடியவை. அசல் ஆணியும் அசல் பிடியும் நல்லபடியாக இருந்தால் கழற்றாதீர்கள். கழற்றிய ஆணியைத் திரும்பப் போட முடியாது.

கழற்றியே ஆக வேண்டும் என்றால் ஆணியை எப்படி எடுப்பது?

தகட்டின் மேல் டேப் ஒட்டி, துளையிட்ட மெல்லிய தகரத் துண்டு ஒன்றை ஆணித் தலையைச் சுற்றி வையுங்கள். சிறு அரத்தால் தலையை வாஷர் மட்டத்துக்கு ராவிவிடுங்கள். வாஷரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் தலையின் நடுவில் பஞ்ச் எனும் துளைக்குறி உளியால் குறி அடித்து, 1.5 மி.மீ. டிரில் பிட்டால் தலையின் ஆழம் மட்டும் துளைக்கலாம். பூ வேலைப்பாடுள்ள பழைய வாஷர் என்றால் இதுதான் வழி, இன்று அதே மாதிரி கிடைப்பது அரிது.

பிறகு ஒரு மரக்கட்டையில் துளை போட்டு, ஆணி அதற்கு நேராக வரும்படி பிடியை வைத்து, 1.5 மி.மீ. பஞ்ச் கருவியால் கீழே தட்டி எடுங்கள். வரவில்லை என்றால் உள்ளே துருப்பிடித்திருக்கும், அல்லது முன்பு அடித்த அடியில் ஆணி உள்ளுக்குள்ளேயே பருத்திருக்கும். ஒரு சொட்டு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுங்கள். அலகைப் பிடித்து முறுக்கவோ, தகடுகளுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பவோ கூடாது.

பழைய ஷெஃபீல்டு கத்திகள் பலவற்றில் ஆப்பு ஈயமாக இருக்கும். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஊதாதீர்கள், உலர் உப்புத்தாள் போடாதீர்கள். ஈரத் துணியால் துடைத்துத் துணியை எறிந்துவிட்டுக் கை கழுவுங்கள்.

கொம்புத் தகடு வளைந்து, முறுக்கிக்கொண்டிருக்கிறது.

கொம்பு என்பது நம் நகத்தைப் போன்ற கெரட்டின். சூட்டில் இளகும், ஆறினால் அந்த வடிவில் நிற்கும். ஷெஃபீல்டில் சூடாக்கிய கொம்பை அச்சில் அழுத்திப் படம் பொறித்ததும் இந்தக் குணத்தால்தான்.

கொதிநீரில் 5 முதல் 10 நிமிடம் போட்டு எடுத்து, உடனே இரண்டு சமதளப் பலகைகளுக்கு நடுவே கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஒரு நாள் முழுக்க விடுங்கள். அவசரப்பட்டு ஒரு மணி நேரத்தில் எடுத்தால் பழைய வளைவுக்கே திரும்பும். ஒருமுறையில் நிமிராவிட்டால் மறுபடி செய்யலாம், ஆனால் ஒரே மூச்சில் முழுதாக நிமிர்த்தப் பார்த்தால் அடுக்குகள் பிரியும். படம் பொறித்த கொம்பை வேகவைக்காதீர்கள், பொறிப்பு தளர்ந்துவிடும். செல்லுலாய்டை இந்த வழிக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

கொம்பு வெளிறிக் காய்ந்திருக்கிறது. ஓரத்தில் ஏதோ கடித்ததுபோலப் பள்ளங்கள் வேறு.

வெளிறலுக்கு மாட்டுக்கால் எண்ணெய் நல்லது. குதிரைச் சேணத்துக்கும் தோலுக்கும் போடும் எண்ணெய் அது. பிடியை அதில் இரண்டு மூன்று வாரம் ஊறவிட்டு, துடைத்து, ஒரு வாரம் காற்றில் வையுங்கள். கிடைக்காவிட்டால் மருந்துக் கடையில் விற்கும் லிக்விட் பாரஃபின் மேற்பூச்சுக்குப் போதும். சமையல் எண்ணெய் நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும்.

ஒட்ட வேண்டிய விரிசல் இருந்தால் முதலில் ஒட்டுங்கள், பிறகுதான் எண்ணெய். வரிசை மாறினால் பசை பிடிக்காது.

பள்ளங்கள் பூச்சி கடித்தவை. கம்பளித் துணியைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழுவும், தோல் வண்டின் புழுவும் கொம்பையும் விடாது. எருமைக் கொம்பை அராவிய பொடியைப் பள்ளத்தில் அழுத்தி நிரப்பி, நீர்த்த (தண்ணீர்போல ஓடும் வகை) சூப்பர் குளூவை ஒரு சொட்டு விடுங்கள். மேலே கொஞ்சம் தூக்கலாக நிற்கட்டும், காய்ந்தபின் ராவிச் சமப்படுத்தலாம். கருப்புக் கொம்பில் ஒட்டு கண்ணுக்குத் தெரியாது. தேன் நிறக் கொம்பில் தெரியும், அதை மறைக்க நினைத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஆணித் துளையிலிருந்து விரிசல் ஓடுகிறது.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் விரிசலில் உள்ள எண்ணெயை எடுங்கள். தகட்டை லேசாக வளைத்து விரிசலைத் திறந்து, நீர்த்த சூப்பர் குளூவை விளிம்பில் தொடுங்கள், அது தானே உள்ளே ஓடும். விட்டதும் இறுக்கிப் பிடித்துக் கிளாம்ப் போடுங்கள். துளைக்குள் வழிந்த பசையை மறுநாள் அதே அளவு பிட்டால் கையால் திருகி எடுக்க வேண்டும். மறந்தால் புது ஆணி உள்ளே போகும்போது அதே விரிசலைத் திறந்துவிடும். செல்லுலாய்டில் விரிசல் என்றால் ஒரு சொட்டு அசிட்டோன் போதும், பொருளே கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

புதிய பிடிக்கு எந்தப் பொருள் நல்லது?

முதல் பிடிக்கு மைகார்டா (துணியையோ தாளையோ பிசினில் அழுத்திச் செய்த தகடு) அல்லது ஜி10 (கண்ணாடி இழையைப் பிசினில் அழுத்திச் செய்தது). நீர் படலாம், சுருங்காது, பிளக்காது, தடிமன் சீராக இருக்கும். ஜி10 என்றால் 2 மி.மீ., மைகார்டா 2.5 மி.மீ. அழகு என்று பார்த்தால் கொம்புக்கு இணை கிடையாது, பழைய அலகுக்குப் பொருத்தமும் அதுதான். எருமைக் கொம்புக்கு இந்தியாவிலேயே பெரிய வழங்கல் இருக்கிறது, உத்தரப் பிரதேசத்தின் சம்பல் நகரம் கொம்பு வேலைக்குப் பேர்போனது. 3 மி.மீ. தடிமனில் தொடங்கி 2 முதல் 2.5 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். வாங்கிய தகட்டை ஒரு மாதம் சும்மா போட்டுவையுங்கள். வளைய வேண்டியது வளைந்து முடியட்டும்.

மரம் என்றால் அடர்த்தியானது வேண்டும்: கருங்காலி, ஆலிவ், ஈட்டி. இழை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கிழை ஒரு விரல் அகலம் வந்தாலும் அங்கேதான் முறியும். ஈட்டியும் செம்மரமும் சைட்டீஸ் பட்டியலில் உள்ளவை, வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் முன்பே விசாரியுங்கள்.

அளவும் துளையும்?

பழைய தகடு இருந்தால் அதையே அட்டையில் வரைந்து வெட்டுங்கள். இல்லையென்றால் அலகை வைத்து அளக்க வேண்டும். சுழல் துளையிலிருந்து அலகின் மூக்கு (நுனி) வரை அளந்து, அதோடு 5 மி.மீ. கூட்டுங்கள். ஆப்பின் உள்முனை அங்கே தொடங்கலாம். அகலம், அலகை மடக்கும்போது வாய் முழுதாக உள்ளே மறைந்து, கீழ் ஓரத்துக்கு 2 முதல் 3 மி.மீ. மேலே நிற்கும் அளவு. முதுகு கொஞ்சம் வெளியே தெரியலாம். அலகின் அகலத்தை அங்குலத்தின் எட்டில் இத்தனை பங்கு என்று சொல்வது வழக்கம். எட்டில் ஐந்து என்றால் 15.9 மி.மீ., எட்டில் ஆறு என்றால் 19 மி.மீ.

இரண்டு தகடுகளையும் இருபக்க டேப்பால் ஒட்டி ஒரே கட்டையாக்குங்கள். வடிவம் வெட்டும் முன்பே துளை போடுங்கள், அப்போதுதான் நேரான ஓரம் கையில் இருக்கும். டிரில் ஸ்டாண்டில் வைத்து 1.6 மி.மீ. பிட். கையில் பிடித்துத் துளைத்தால் மறுபக்கம் அரை மி.மீ. சாயும், அந்த அரை மி.மீ.யே அலகை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும்.

பழைய அலகின் துளை தேய்ந்து 2.4 மி.மீ. வரை அகன்றிருக்கலாம். அதில் 1.6 மி.மீ. ஆணி கடகடவென்று ஆடும். 2.4 மி.மீ. வெளிவிட்டமும் 1.6 மி.மீ. உள்விட்டமும் கொண்ட பித்தளைக் குழாயைக் காம்பின் தடிமனுக்கு வெட்டி உள்ளே செருகுங்கள்.

ஆணியின் முனைகளைத் தட்டித் தலையாக்கி ரிவிட் அடிக்கும் முன் சரிபார்க்க வழி உண்டா?

எம்1.6 (1.6 மி.மீ. விட்டம்) போல்ட்டும் நட்டும் வாங்கிப் பூட்டிப் பாருங்கள். பத்துத் தடவை கழற்றி மாட்ட வேண்டிவரும், அலுத்துக்கொள்ளாதீர்கள். கத்தி நன்றாக மடங்கி விரிந்த பிறகுதான் ஆணி.

அலகு ஒரு பக்கத் தகட்டை உரசுகிறதா? ஆப்பை மட்டும் பக்கம் மாற்றிப் போடுங்கள். உரசலும் பக்கம் மாறினால் ஆப்பு கோணல், தடித்த பக்கத்தை உப்புத்தாளில் இழுத்துச் சரிசெய்யலாம். மாறாவிட்டால் தகடுகளை ஒரு கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள், ஏதாவது ஒன்று வளைந்திருக்கும். இரண்டும் நேர் என்றால் துளை சாய்வு, அல்லது அலகே கோணல். பழைய ஷெஃபீல்டு அலகுகளில் கோணல் சாதாரணம். அதற்குப் பிடியைத்தான் இணங்கவைக்க வேண்டும்: ஆப்பை வேண்டுமென்றே ஒரு மயிரிழை சரித்து ராவுங்கள்.

ரிவிட் அடிப்பதில் என்ன சூட்சுமம்?

1.6 மி.மீ. பித்தளைக் கம்பி அல்லது நிக்கல் சில்வர் கம்பி. வாஷருக்கு மேல் பக்கத்துக்கு 0.8 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதாவது கம்பியின் விட்டத்தில் பாதி. கூடினால் தலை விரியாமல் கம்பி சாயும், உள்ளே வளையும். குறைந்தால் தலையே உருவாகாது. முனையை அரத்தால் தட்டையாக ராவிவிட்டுத் தொடங்குங்கள், சாய்வாக வெட்டிய முனை சாய்வாகவே விரியும்.

முதலில் ஆப்பு முனை, பிறகு சுழல் முனை. சுத்தியலின் முகம் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கட்டும், அதிலுள்ள கீறல் அப்படியே ஆணித் தலையில் பதியும். நடுவில் அடிக்காமல் விளிம்பைச் சுற்றிச் சுற்றி, எடையே இல்லாததுபோல் தட்டுங்கள். எட்டுப் பத்துத் தட்டுக்கு ஒருமுறை திருப்புங்கள். ஒரு தலைக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். சுழல் முனையில் காம்புக்கும் தகட்டுக்கும் நடுவே 0.2 மி.மீ. பாஸ்பர் வெண்கல வாஷர் பக்கத்துக்கு ஒன்று வைத்தால் அசைவு வழுவழுப்பாக இருக்கும். இறுக்கம் சரியா என்று பார்க்க, பிடியைக் கிடையாகப் பிடித்து அலகைப் பாதி திறந்துவிடுங்கள். தன் எடையால் அது கீழே விழக் கூடாது, ஒரு விரல் தள்ளினால் தயங்காமல் வர வேண்டும். நடு ஆணி இருந்தால் அதைக் கடைசியில், தொட்டும் தொடாமலும். இறுக்கினால் தகடுகள் நசுங்கி அலகைத் தொடும்.

மெருகு எப்போது, எப்படி?

ரிவிட்டுக்கு முன்பே. உப்புத்தாள் 220, 400, 600, 1000, 2000 என்று போங்கள். ஒவ்வொன்றிலும் முந்தையதன் கீறல் முழுதாக மறைந்த பிறகே அடுத்தது. தகட்டின் உள்பக்கத்தையும் 600 வரை தேய்த்துப் பூச்சு கொடுங்கள். பெரும்பாலானோர் விட்டுவிடும் இடம் இது. வெளியே மட்டும் பூசிய மரம் ஈரத்தை உள்பக்கமாகக் குடித்து வளையும்.

கொம்புக்குப் பூச்சே வேண்டாம், பாலிஷ் பசை போட்டுத் துணியால் தேய்த்தால் போதும். பஃபிங் சக்கரத்தில் வைத்தால் ஐந்து நொடிக்கு மேல் ஒரே இடத்தில் அழுத்தாதீர்கள், கருகிய மயிர் வாடை வந்தால் ஏற்கெனவே தாமதம். மரத்துக்கு நீர்த்த சூப்பர் குளூ பத்துப் பூச்சு வரை, அல்லது ஆளிவிதை எண்ணெய் பல நாள் பூச்சு. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

தூசிக்கு முகமூடி தேவையா?

எல்லாப் பொருளுக்கும் தேவை. ஜி10, மைகார்டா, முத்துச்சிப்பி மூன்றையும் நீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். கண்ணாடி இழையும் சிப்பித் தூசும் நுரையீரலுக்குப் போனால் திரும்பி வருவதில்லை. செல்லுலாய்டுத் தூசு தீப்பிடிக்கும், அன்றன்றைக்கே ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

வேலை முடிந்த கத்தியை எப்படி வைத்திருப்பது?

சவரம் முடிந்ததும் அலகை மட்டுமல்லாமல் தகடுகளுக்கு நடுவிலும் ஒரு துணி நாடாவை விட்டு இழுத்துத் துடையுங்கள். ஒரு மணி நேரம் திறந்தே வைத்து, பிறகு மடக்குங்கள். சுழல் ஆணியில் மாதம் ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின். தோல் உறையில் போட்டு அலமாரியில் பூட்டிவைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.